பின்கம்பி ஹைட்ராலிக் சிலிண்டரை நாமே பிரிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980களில் கட்டிய 38 அடி பாய்மரப் படகு ஒன்றை மலேசியாவின் லங்காவியில் பராமரித்து வருகிறேன். அதன் பின்கம்பியை இறுக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரை இதுவரை மூன்று முறை பிரித்து மாட்டியிருக்கிறேன். முதல் முறை சொதப்பினேன். அதன் பிறகு பக்கத்துப் படகுக்காரர்கள் கேட்டவற்றையும் நானே என்னைக் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாய்மரப் படகில் ஹைட்ராலிக்குக்கு என்ன வேலை?

பாய்மரத்தின் உச்சியிலிருந்து படகின் பின்முனைக்கு ஒரு எஃகுக் கம்பி வரும். அதுதான் பின்கம்பி, ஆங்கிலப் பெயர் பேக்ஸ்டே. அதை இறுக்கினால் உச்சி பின்னுக்கு இழுபடும், முன்பாய் தொங்கும் முன்கம்பி விறைக்கும், மரம் லேசாக வளைந்து பெரும்பாய் தட்டையாகும். பலத்த காற்றை எதிர்த்துப் போகும்போது படகு அதிகம் சாயாமல் ஓட இது வேண்டும். காற்று குறைந்தால் தளர்த்த வேண்டும். கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகான டர்ன்பக்கிளை ஸ்பேனர் போட்டுத் திருகி ஓடும் படகில் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் கம்பியின் அடியில் கைப்பம்போடு ஒரு சிலிண்டர்.

கையால் ஆட்டும் பம்ப் எவ்வளவு இழுக்கும் என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. சிலிண்டரின் உள்விட்டம் 40 மி.மீ., பிஸ்டனோடு போய் வரும் தண்டான ராட் 16 மி.மீ. என்று வையுங்கள். இது இழுக்கும் சிலிண்டர். ஆயில் ராட் இருக்கும் பக்கத்தில்தான் தள்ளும். ஆகவே ராடின் பரப்பைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது சுமார் 1,055 சதுர மி.மீ. 200 பார் அழுத்தத்தில் அது 21 கிலோ நியூட்டனுக்கு மேல், அதாவது இரண்டு டன்னைத் தாண்டிய இழுவை. ஒரு காரைத் தூக்கும் பலம் உங்கள் முழங்கை நீளப் பொருளுக்குள் இருக்கிறது. கீழே நான் பயமுறுத்துவதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பெரும்பாயின் அடியில் இருக்கும் பூம் என்ற கட்டையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங் என்ற சாதனத்திலும் இதே அமைப்பு உண்டு. பெரிய படகுகளில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பம்ப் பலகை, படகை ஓட்டுபவர் உட்காரும் காக்பிட்டில் இருக்கும். பழைய ஸ்வான் படகுகள் பலவற்றில் நாவ்டெக் நிறுவனத்தின் பலகையைப் பார்க்கலாம்.

பிரஷர் நிற்பதில்லை. எங்கே கோளாறு?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். நான் முதல் முறை சொதப்பியது இங்கேதான். ஆயில் சொட்டியதைப் பார்த்ததும் முழுவதையும் பிரித்துவிட்டேன். கோளாறு வெளியே இருந்த ஓ-ரிங் என்ற ஒரு சின்ன ரப்பர் வளையத்தில்.

முதலில் சிலிண்டரை நன்னீரில் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். பம்ப் அடித்து 100 பார் ஏற்றுங்கள். ராட் வெளிவரும் இடத்தில், ராடின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, விளிம்பு வரை உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் மறுநாள் காலையிலும் போய்ப் பாருங்கள்.

ராடைச் சுற்றி ஆயில் வளையம் தெரிந்தால், ராட் வெளிவரும் தலைமூடியில் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ராட் சீல் போய்விட்டது. வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் டேப் நகர்ந்திருக்கிறது, கேஜும் இறங்கியிருக்கிறது என்றால் ஆயில் உள்ளுக்குள்ளேயே ஒழுகுகிறது. பிஸ்டன் சீலோ, பிரஷர் விடும் வால்வோ, ஆயிலை ஒரே திசையில் மட்டும் விடும் பம்பின் செக் வால்வோ காரணமாக இருக்கலாம். பம்ப் கைப்பிடி தானாகத் திரும்பி உதைத்தால் வெளிச் செக் வால்வின் குண்டு இருக்கையில் சரியாக உட்காரவில்லை. பெரும்பாலும் ஒரு தூசிதான் காரணம். எவ்வளவு ஆட்டியும் கைப்பிடி வெறுமனே போய் வந்தால் ஆயில் குறைவு, அல்லது காற்று புகுந்திருக்கிறது, அல்லது உறிஞ்சும் பக்கத்துக் குண்டு ஒட்டிக்கொண்டது.

தனிப் பலகை உள்ள படகில் வேலை இன்னும் எளிது. பிரஷர் ஏற்றிவிட்டு அந்த சிலிண்டருக்குப் போகும் வழியைப் பலகையில் மூடுங்கள். அப்படியும் கம்பி தளர்ந்தால் குற்றவாளி சிலிண்டர் அல்லது குழாய். தளரவில்லை என்றால் பலகை.

காலையில் கேஜ் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அலுமினிய மரம் எஃகுக் கம்பியைவிட அதிகம் வெப்பத்துக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். இரவில் மரம் கூடுதலாகக் குறுகுவதால் கம்பி சற்றே தளரும். வெயில் ஏறியதும் கேஜும் ஏறினால் உங்கள் சீல் நல்ல சீல்.

விரலால் தடவிக் கசிவைக் கண்டுபிடிக்கலாமா?

கூடாது. பிரஷர் இருக்கும்போது ஒருபோதும் கூடாது. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வரும் ஆயில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தியதுபோல ஒரு புள்ளி. வலிகூட முதலில் அதிகம் இருக்காது. உள்ளே திசு அழுக ஆரம்பிக்கும், சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போகும். அப்படி நடந்தால் ‘சின்னக் காயம்தானே’ என்று பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இருக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போய், ‘ஹைட்ராலிக் ஆயில் பிரஷரில் தோலுக்குள் போயிருக்கிறது’ என்று அதே சொற்களில் சொல்லுங்கள். கசிவு தேட ஒரு அட்டைத் துண்டைப் பிடித்தால் போதும். ஈரம் அதில் தெரியும்.

எதை நானே செய்யலாம், எதைத் தொடக் கூடாது?

சீல் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, பம்பின் குண்டையும் ஸ்பிரிங்கையும் சுத்தம் செய்வது, பிரஷர் விடும் வால்வின் ஓ-ரிங் மாற்றுவது ஆகியவை பொறுமை உள்ள எவரும் செய்யக்கூடியவை.

தொடக் கூடாதது நைட்ரஜன் அறை. பல பூம் வாங்குகளிலும் சில பின்கம்பி சிலிண்டர்களிலும், ராடைத் திரும்ப வெளியே தள்ள அழுத்தமான நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். கார் டயர் வால்வு போன்ற ஒன்றோ, அதை மூடும் ஒரு திருகோ தெரிந்தால் அங்கே வாயு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாயு உள்ளே இருக்கும்போது தலைமூடியைக் கழற்றினால் மூடி துப்பாக்கிக் குண்டுபோல வரும். வாயுவை விடுவதும் திரும்ப அடைப்பதும் அதற்கான ரெகுலேட்டர் வைத்திருக்கும் பட்டறையின் வேலை. காசை மிச்சம் பிடிக்க டைவிங் கம்ப்ரசர் காற்றை அடைக்கலாமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். ஆயில் ஆவியும் அழுத்தமான காற்றும் சேர்ந்தால் டீசல் எஞ்சினுக்குள் நடப்பதுதான் அங்கும் நடக்கும். ஆக்ஸிஜனைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

குழலில் விரிசல், தலைமூடி மரையில் தேய்வு, முனைக் கண்ணில் வெடிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அதுவும் வீட்டு வேலை இல்லை.

சிலிண்டரைக் கழற்றினால் பாய்மரம் விழுந்துவிடாதா?

விழலாம், அதற்கு முன் ஏற்பாடு செய்யாவிட்டால். பாய்களை இறக்கிவிடுங்கள். காற்று இல்லாத காலை நேரம், படகு துறையில் கட்டியிருக்க வேண்டும். உச்சிக்குப் போகும் பாயேற்றும் கயிறுகளில் இரண்டை எடுத்துப் படகின் பின்முனைக்குக் கொண்டுவந்து, உறுதியான கிளீட்டிலோ வளையத்திலோ ஷாக்கிள் என்ற கொக்கி வளையம் போட்டு, கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சில் இறுக்குங்கள். ஒன்று போதாதா என்று கேட்காதீர்கள். பாலியெஸ்டர் கயிறு நீளும். ஒன்று நழுவினால் இன்னொன்று வேண்டும்.

முன்கம்பி உச்சிக்குக் கீழே முடியும் படகுகளில், மரத்தின் குறுக்குக் கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால், பக்கக் கம்பிகளே மரத்தைப் பின்னிழுத்து நிறுத்திவிடும். இருந்தாலும் கயிறு போட்டுத்தான் நான் கழற்றுவேன்.

கழற்றும் முன் மூன்று அளவுகளை எழுதுங்கள்: பிரஷர் முழுக்க விட்ட நிலையில் மேல் முனையை மாட்டும் ஆணியிலிருந்து கீழ் முனையின் ஆணி வரை சிலிண்டரின் நீளம், டர்ன்பக்கிளில் வெளியே தெரியும் மரை, முன்பு நீங்கள் வழக்கமாக ஏற்றிய பார். திரும்ப மாட்டும்போது கம்பி இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது என்று தலையைச் சொறியும் நிலை வராது.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

தலைமூடியில் இரண்டு துளை இருந்தால் அவற்றில் பொருந்தும் இரு முளை உள்ள ஸ்பேனர், வைஸ், வைஸின் வாய்க்கு மரக்கட்டை அல்லது அலுமினியத் தகடு, வெர்னியர், ஹீட் கன், பஞ்சு உதிராத துடைப்புத் தாள். சீல் எடுக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். சீவிய மூங்கில் குச்சிதான் என் கருவி. பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது சீலும் ஒழுகும். வேலை மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், சின்னக் குண்டும் கறுப்பு ஓ-ரிங்கும் கண்ணுக்குப் படும். முட்டை வாங்கிய அட்டையை எறியாதீர்கள். குழி குழியாக வரிசையாகப் பாகங்களைப் போட்டு வைக்க அதைவிட நல்ல பெட்டி கிடையாது.

தலைமூடி அசையவே மாட்டேன் என்கிறது.

அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உப்புத் தண்ணீரில் கைகோத்தால் இப்படித்தான். வெள்ளைப் பொடியாகப் பூத்து மரையைச் சிமெண்ட் போலப் பிடித்துக்கொள்ளும். முதலில் மூடியைப் பூட்டும் சின்னத் திருகு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று சுற்றிலும் தேடுங்கள். பாதிப் பேர் அதைக் கழற்றாமலே ஸ்பேனருக்குக் குழாய் போட்டு நீட்டி மரையை நாசம் செய்கிறார்கள். பிறகு துருநீக்கி ஆயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் ஹீட் கன்னால் வெளி அலுமினியத்தைத் தொட முடியாத சூட்டுக்குக் கொண்டுவந்து, சுத்தியால் மெல்லத் தட்டி, திருப்பிப் பாருங்கள். வரவில்லையா, மறுபடி ஆயில், மறுபடி இரவு. எனக்கு ஒருமுறை நான்கு நாள் பிடித்தது. சூடாக்கும் முன் பிரஷர் சுழியம், வாயு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஊதுசுடர் வேண்டவே வேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது அந்த மரையில் டெஃப்-ஜெல் போன்ற தடுப்புப் பசையைப் பூசினால் அடுத்த தடவை என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

பிரிக்கும்போது எதில் கவனம்?

ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு போட்டோ. சீலைப் பள்ளத்திலிருந்து எடுக்கும் முன், அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று இன்னொரு போட்டோ. இந்த இரண்டாவது போட்டோதான் உங்களைக் காப்பாற்றும்.

செக் வால்வைத் திறக்கும்போது முழு பம்பையும் உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பைக்கு உள்ளேயே கையை விட்டுத் திருகுங்கள். உள்ளே ஒரு எஃகுக் குண்டும் மெல்லிய ஸ்பிரிங்கும் இருக்கும். காக்பிட்டில் திறந்தால் அவை தண்ணீர் வடியும் துளையைத் தேடிப் பிடித்து ஓடும் என்பது என் அனுபவ விதி.

சீலை எப்படி அளப்பது, எங்கே வாங்குவது?

பழைய சீலை அளக்காதீர்கள். இருபது வருடம் நசுங்கியோ ஊதியோ போன ரப்பர் பொய் சொல்லும். அது உட்கார்ந்திருந்த பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும், ராடின் விட்டத்தையும், குழலின் உள்விட்டத்தையும் அளங்கள்.

அமெரிக்க சிலிண்டர்களில் ஓ-ரிங்குகள் அங்குலக் கணக்கு. பருமன் 1.78, 2.62, 3.53, 5.33 மி.மீ. என்று வரும். கடைக்காரர் 2.5 மி.மீ. ரிங்கை நீட்டி ‘இதுவும் அதுவும் ஒண்ணுதான்’ என்பார். ஒன்றில்லை. ஓ-ரிங் அடைப்பதே பள்ளத்துக்குள் சற்று நசுங்கி நிற்பதால்தான், அந்த 0.12 மி.மீ. போனால் நசுங்கலில் கணிசமான பங்கு போய்விடும். நைட்ரைல் ரப்பர் கேளுங்கள், அதிலும் அழுத்தம் வரும் இடங்களுக்கு ஷோர் என்ற ரப்பர் கடின அளவில் 90. சிலிண்டர் தயாரித்த நிறுவனம் இன்னும் இருந்தால் அவர்களின் சீல் கிட் வாங்குவது மேல். விஸ்கான்சினில் உள்ள செயில்டெக் போன்ற நிறுவனத்தின் சிலிண்டர் என்றால் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். இல்லையென்றால் ஜேசிபி, டிராக்டர் ஹைட்ராலிக் பழுதுபார்ப்பவர்களுக்கு சீல் விற்கும் கடைக்குப் போங்கள். படகு என்று சொன்னாலே விலை ஏறும் கடைகளைவிட அங்கே அளவு தெரிந்த ஆள் கிடைப்பார்.

யு-கப் சீலை எந்தப் பக்கம் வைப்பது?

யு-கப் என்பது குறுக்கே வெட்டினால் U எழுத்துபோலத் தெரியும் சீல் வளையம். அதன் வாய் திறந்த பக்கம் பிரஷரைப் பார்க்க வேண்டும். ஆயில் அந்த வாய்க்குள் புகுந்து உதடுகளை விரித்து ராடோடும் சுவரோடும் அழுத்தும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் கூடும். ஜோசப் பிராமா 1795-ல் லண்டனில் ஹைட்ராலிக் அழுத்திக்குக் காப்புரிமை வாங்கியபோது, சீல் நிற்காததுதான் பெரிய தலைவலி. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே தோலைக் கிண்ணமாக மடித்து வைத்துத் தீர்த்தார் என்பார்கள். உங்கள் கையில் இருக்கும் பாலியூரித்தேன் வளையம் அந்தத் தோலின் கொள்ளுப்பேரன். தலைகீழாக வைத்தால் முதல் பம்பிலேயே ஒழுகும், நான் வைத்திருக்கிறேன்.

ஓ-ரிங்கோடு வரும் தட்டையான வெள்ளை வளையம், ரப்பர் இடுக்கில் பிதுங்காமல் முட்டுக் கொடுப்பது. அது பிரஷர் வராத பக்கம் இருக்க வேண்டும். விறைப்பான வளையங்களை வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டால் வளைந்து கொடுக்கும். பிஸ்டனை உள்ளே விடும்போது குழலின் மரை விளிம்பு புது சீலைக் கத்திபோல அறுக்கும். பழைய பிளாஸ்டிக் கோப்பு அட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சுருட்டி, மரையை மறைத்து, ஆயில் தடவி, அதன் வழியே வழுக்கி விடுங்கள்.

ராடில் கீறல் இருக்கிறது. பரவாயில்லையா?

நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தட்டவில்லை என்றால் 2000 எண் உப்புத்தாளை ஆயிலில் நனைத்து, ராடைச் சுற்றி மட்டும் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் ஆயில் வெளியேற நீங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. நகம் தட்டினால், அல்லது புள்ளிப் புள்ளியாகக் குழி இருந்தால், லேத் பட்டறைதான். அந்த ராடில் எத்தனை புது சீல் போட்டாலும் ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது.

இந்தக் குழி எப்படி வருகிறது தெரியுமா? இழுக்கும் சிலிண்டரில் பிரஷரை விட்டதும் ராட் வெளியே வந்து நிற்கும். துறையில் நிற்கும் நாள் முழுதும் அது உப்புக் காற்றில்தான். பயணம் முடிந்ததும் ஒரு கோப்பை நன்னீர் ஊற்றித் துடைத்தால் போதும்.

எந்த ஆயில்?

மினரல் ஹைட்ராலிக் ஆயில், மெல்லிய ரகம். தயாரிப்பாளர் சொன்ன எண் தெரிந்தால் அதுவே. பிரேக் ஆயில் ஊற்றாதீர்கள். கார்களின் டாட் 3, டாட் 4 ரகங்கள் கிளைக்கால் வகை, அவை நைட்ரைல் ரப்பரை ஊதிக் கெடுத்துவிடும். பழைய ஆயிலைக் கொட்டும் முன் ஒரு கண்ணாடிக் குவளையில் பாருங்கள். பால் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுப்பு என்றால் ரப்பர் தேய்கிறது. மினுமினுத்தால் உலோகம் உலோகத்தோடு உரசுகிறது, அதன் இடத்தைக் கண்டுபிடிக்காமல் மூடாதீர்கள்.

பிரஷர் முழுக்க விட்டு ராட் வெளியே நிற்கும் நிலையில்தான் நிரப்ப வேண்டும். இழுத்த நிலையில் விளிம்புவரை ஊற்றினால், தளர்த்தும்போது திரும்பி வரும் ஆயிலுக்கு இடம் இருக்காது. நிரப்பியபின் மெதுவாகப் பத்து முறை இழுத்து விடுங்கள். கைப்பிடி பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

மாட்டியாயிற்று. எவ்வளவு ஏற்றிச் சோதிப்பது?

50 பார், ஐந்து நிமிடம். சுற்றிலும் பாருங்கள். 100 பார், ஒரு மணி நேரம், டேப் அடையாளத்தோடு. கம்பியின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள். உச்சவரம்பு வால்வை ‘இன்னும் கொஞ்சம்’ என்று திருகாதீர்கள்.

கேஜில் 200 வரை கோடு இருப்பதால் 200 ஏற்றலாம் என்று பொருள் இல்லை. முதல் கணக்கின் சிலிண்டரையே எடுப்போம். 8 மி.மீ. பத்தொன்பது இழை ஸ்டெயின்லெஸ் கம்பி அறும் பளு ஐந்து டன்னுக்குச் சற்று மேல். 100 பாரில் இழுவை ஒரு டன்னைத் தாண்டும், கம்பி பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 200 பாரில் ஐந்தில் இரண்டு பங்கு. அந்த இழுவை கம்பியோடு நிற்பதில்லை. மரத்தை அழுத்தி, அதன் அடிப்பீடத்தை நசுக்கி, படகின் இரு முனைகளையும் வில்போல மேலே வளைக்கும். அந்த அளவு கம்பிக்கு நான் 110 பாருக்கு மேல் போவதில்லை. படகைவிட்டு இறங்கும்போது பிரஷரை விட்டுவிடுகிறேன்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை?

ஒழுகாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நான் சீலை மாற்றிவிடுகிறேன். வெயில் குறைந்த நாடுகளில் இன்னும் தாங்கலாம்.

எல்லாவற்றையும் தூக்கிவிட்டு சாதாரண டர்ன்பக்கிள் போட்டால்?

தாராளமாக. பந்தயம் ஓடாத, காற்றுக்குக் காற்று பாயைத் திருத்தாத படகுக்கு அதுவே நிம்மதி. சிலிண்டரின் நீளத்துக்குச் சமமான இணைப்பு வேண்டும், அதன் பலம் கம்பியின் பலத்துக்குக் குறையக் கூடாது. 30 அடிப் படகுகளில் கப்பியும் கயிறுமே போதுமானது.

நடுக்கடலில் சீல் போய்விட்டால்?

ராட் வெளியே ஓடி, பிஸ்டன் தலைமூடியில் முட்டி நிற்கும். கம்பி தளரும், ஆனால் அறாது. காற்றை எதிர்த்துப் போகும் நிலையில் பெரும்பாயும் அதன் இழுகயிறும் மரத்தைப் பின்னால் பிடித்துக்கொண்டிருக்கும், ஆகவே பெரும்பாயை அவசரப்பட்டு இறக்காதீர்கள். முன்பாயைச் சுருட்டிக் குறையுங்கள். உச்சியிலிருந்து பறக்கும் பெரிய முன்பாய் எதுவும் இருந்தால் முதலில் அது இறங்க வேண்டும். பிறகு பாயேற்றும் கயிறு ஒன்றைப் பின்முனைக்குக் கொண்டுபோய் வின்ச்சில் இறுக்குங்கள். அதன் பின் டைனீமா என்ற வலுவான செயற்கை இழையின் மெல்லிய கயிற்றை சிலிண்டரின் மேல் ஆணிக்கும் கீழ் ஆணிக்கும் இடையே ஆறேழு சுற்று சுற்றி இழுத்துக் கட்டுங்கள். அதற்கான ஐந்து மீட்டர் கயிறு எங்கள் படகில் சிலிண்டருக்குப் பக்கத்துப் பெட்டியில், சீல் கிட்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது.